மடக்கி உழுத சணப்பும் முடிச்சு விழுந்த வேரும்

தக்காளிச் செடி மத்தியானத்தில் தலை தொங்கினால் எங்கள் பக்கம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒட்டன்சத்திரத்துப் பங்குனி வெயில் அப்படி. சாயங்காலம் பார்த்தால் செடி நிமிர்ந்திருக்கும். அந்த வருடமும் அப்படித்தான் இருந்தது. பத்து நாள் கழித்துச் சாயங்காலமும் நிமிராத செடிகள் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. இலை வெளிறிப்போய், காய் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிட்டது. உரக்கடையில் சொன்னோம். இரும்புச்சத்துக் குறை என்று ஒரு டப்பா, வேர் பிடிக்க என்று ஒரு பாட்டில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பை குருணை மருந்து. மூன்றையும் வாங்கிப் போட்டோம். செடி அசையவில்லை.

கடைசியில் அப்பத்தாதான் ஒரு செடியைப் பிடுங்கி, வேரைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு, "என்னடா இது, இஞ்சி மாதிரி இருக்கு" என்றது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. தலைமுடி போல இருக்க வேண்டிய வேர், விரலும் கணுவுமாக வீங்கிக் கிடந்தது. ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து, பையனின் பள்ளிக்கூட லென்ஸை வைத்துப் பார்த்தேன். கடுகில் கால்வாசிகூட இல்லாத, முத்துப்போல் வெளுத்த புள்ளிகள் உள்ளே பதிந்திருந்தன. அவை பெண் நூற்புழுக்கள். புழு என்றால் நீளமாக நெளியும் என்றுதான் நினைத்திருந்தேன். வேருக்குள் உட்கார்ந்து தின்று தின்று இவை பேரிக்காய் வடிவத்துக்கு வந்துவிடுமாம். அதற்குப் பிறகு நகராது.

வேர்முடிச்சு நூற்புழு நம் ஊருக்குப் புதிதில்லை. இந்தியாவில் அதைப் பற்றிய முதல் பதிவே 1901இல் நீலகிரியின் தேவாலா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்ததுதான். பார்பர் என்பவர் எழுதியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள ஈரத்தில் நீந்திப் போய், வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து நுழையும். நுழைந்த இடத்தில் சில செல்களை ஊதிப் பெருக்கவைத்து, அவற்றைச் சாப்பாட்டுத் தட்டாக வைத்துக்கொள்ளும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது தாயாகி, பசை போன்ற பையில் சில நூறு முட்டைகளை இட்டுவிடும். நான்கு மாதத் தக்காளியில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது செவ்வல், மணல் கலந்த மண். அதற்கு அது அரண்மனை.

அந்த வைகாசியில் கோடை மழை நன்றாகப் பெய்தது. மண்ணை வெறுமையாக விடக்கூடாது, ஏதாவது ஒன்று மூடியிருக்க வேண்டும், மண் உயிரோடு இருந்தால் பூச்சி நோய் தானாகக் குறையும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருந்தேன். சரி என்று பலதானிய விதைப்பு செய்தேன். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, எள், கம்பு, சோளம், தக்கைப்பூண்டு, கையில் கிடைத்த இன்னும் சில. இரண்டு ஏக்கரும் பச்சைக் கம்பளம் ஆனது. தட்டைப்பயறு மட்டும் மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு படர்ந்தது. ஒரு நாள் அதன் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் உருண்டை உருண்டையாக இருந்தது. ஆகா, வேர்முண்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது என்று போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள்.

அதில் பாதி வேர்முண்டு இல்லை.

இதை எனக்குக் காட்டியவர் வேளாண் அறிவியல் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வேரை எடுத்துட்டு வாங்க" என்றார். கொண்டுபோனேன். ஒரு வேரை மேசையில் வைத்து நகத்தால் தட்டினார். உருண்டை தனியாகத் தெறித்து விழுந்தது. அதை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. இது வேர்முண்டு, வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த உருண்டையைத் தட்டினார். தெறிக்கவில்லை. அழுத்தித் தள்ளியபோது வேரே அறுந்தது. இது வேர் மேல் ஒட்டியதன்று, வேரே வீங்கியது, அதாவது முடிச்சு. நான் மண்ணுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று நினைத்து நூற்புழுவுக்கு இரண்டு மாதம் பந்தி வைத்திருக்கிறேன். தட்டைப்பயறும் பச்சைப்பயறும் அதற்குத் தக்காளி போலவே பிடித்த சாப்பாடு. அந்த ஆவணியில் நட்ட தக்காளி முந்தைய போகத்தைவிட மோசமாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

இப்படி மண்ணை மூட விதைக்கும் மூடுபயிர் பற்றி எழுதுபவர்களிடம் எனக்கு இருக்கும் ஒரே சண்டை இதுதான். மூடுபயிர் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மண்ணரிப்புக்கு நல்லது, களைக்கு நல்லது, தழைச்சத்துக்கு நல்லது, எல்லாம் சரி. பூச்சிக்கும் நூற்புழுவுக்கும் என்று வரும்போது எந்தச் செடி, யாருக்கு எதிராக என்று கேட்காமல் விதைத்தால் என் கதைதான். தட்டைப்பயறு கெட்ட பயிர் என்று சொல்ல வரவில்லை. அதே தட்டைப்பயறை இப்போதும் வரப்பின் மேல் ஒரு வரிசை போடுகிறேன். அதில் கருப்பு அசுவினி மொய்க்கும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். பொறிவண்டு பெருகி அப்படியே காய்கறிச் செடிக்கும் நடந்து வரும். வரப்பில் அது காவலாள். தக்காளிக்கு முன்னால் வயலுக்குள் விட்டால் திருடனுக்குக் கதவு திறந்துவிடும் ஆள்.

மூடுபயிர் என்பதும் புத்தகச் சொல்தான். எங்கள் ஊரில் 'சணப்பு போட்டு மடக்கி உழுவது' என்பார்கள், சணப்புச் செடியை வளர்த்து அப்படியே மண்ணுக்குள் உழுதுவிடுவது. நெல் விளையும் ஊர்களில் தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி மூன்றும் தலைமுறைகளாக இருப்பவை. ஆனால் அதையெல்லாம் உரக் கணக்கில்தான் பார்த்தார்கள், பசுந்தாள் உரம் என்று. காய்கறிக்காரர்கள் அதையும் விட்டுவிட்டோம். ஒரு போகம் முடிந்த நான்காம் நாள் ரோட்டவேட்டர், பத்தாம் நாள் அடுத்த நாற்று. ஐம்பது நாள் நிலத்தைச் சும்மா விட யாருக்கு மனம் வரும்? அப்பாவுக்கு வரவில்லை. மறுவருடம் வைகாசியில் ஏக்கருக்குப் பதினைந்து கிலோ சணப்பு விதைத்து, மழை தவறியதும் போர் தண்ணீரைத் திருப்பியபோது, "விக்க முடியாத செடிக்குத் தண்ணி கட்டுற ஒரே ஆளு நீதான்டா" என்றார். இரண்டு நாள் பேசவில்லை.

சணப்பு ஏன் என்று அந்த நிலையத்துக்காரர் விளக்கியிருந்தார். நூற்புழுக் குஞ்சு சணப்பு வேருக்குள்ளும் நுழையப் பார்க்கும். சிலது நுழைந்தும் விடும். ஆனால் உள்ளே அதற்கு அந்தச் சாப்பாட்டுத் தட்டு சரியாக அமையாது. வளர்ந்து முட்டையிட முடியாமல் போய்விடும். வெளியே நிற்கும் குஞ்சுகளுக்கோ வேறு வேர் கிடைக்காமல் உடம்பில் இருந்த கொழுப்பு கரைந்துபோகும். அது போக, சணப்பில் செடிக்கே உரிய ஒரு வகை நச்சுக்காரம் இருக்கிறது. தழையை உழுதுவிட்ட பிறகு அது மட்கும்போது கிளம்பும் அம்மோனியாவும், மட்கைத் தின்னப் பெருகும் பூஞ்சைகளும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பூஞ்சைகளில் சிலது நூற்புழுவையே கண்ணி வைத்துப் பிடிக்கும். இதில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் முதல் காரணம் பட்டினிதான் என்பது என் எண்ணம்.

பட்டினி என்றால் முழுப் பட்டினியாக இருக்க வேண்டும். இங்கேதான் மணத்தக்காளி வந்தது. சணப்புக்குள் அங்கங்கே தானாக முளைத்திருந்த மணத்தக்காளியை அப்பத்தா பிடுங்கவிடவில்லை. வாய்ப்புண்ணுக்கு ஆகும், வற்றல் போடலாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றது. ஒரு செடியை வேரோடு எடுத்துக் கழுவிக் காட்டினேன். குட்டி இஞ்சி. தக்காளியின் பங்காளிதானே, அதற்கும் இது வரும். அதைப் பார்த்த பிறகு அப்பத்தாவே குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பிடுங்கிக் கொண்டுபோய், கீரையை ஆய்ந்துவிட்டு வேரை அடுப்பில் போட்டது. நான்கைந்து செடியை மட்டும் கிணற்றடியில் நட்டு வைத்தது.

ஆறாவது வாரத்தில் சணப்பு நெஞ்சளவு. உள்ளே நுழைந்தால் கோரையும் பார்த்தீனியமும் வெளிச்சமில்லாமல் வெளிறிக் கிடந்தன. பூ எட்டிப் பார்த்ததும் மடக்கிவிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஒரு வாரம் தள்ளினேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: பூ அழகாக இருந்தது. மஞ்சள் பூவில் பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்தால், அதன் கனத்தில் பூ திறந்து மகரந்தம் வண்டின் வயிற்றில் அப்பும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்குள் தண்டு நாராகிவிட்டது. சணப்பு நாருக்காகவே வளர்க்கப்பட்ட செடி என்பது எனக்கு ரோட்டவேட்டர் நின்றபோதுதான் உறைத்தது. கத்தி சுழலும் தண்டில் கயிறு திரித்தது போலச் சுற்றிக்கொண்டது. டிராக்டர்காரர் அரிவாளை வைத்து அறுத்து அறுத்து எடுத்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த தப்பு ஆறு நாள் கழித்து. நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வண்டி வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. நாற்று முற்றிவிடும் என்று நட்டோம். மண்ணுக்குள் பச்சைத் தழை பாதி அழுகிய நிலை. கை வைத்தால் சூடு தெரிந்தது. நாலாம் நாளே நாற்றுகள் தண்டடியில் தண்ணீர் கோத்ததுபோல் நசிந்து சாய்ந்தன. புதுத் தழை அழுகும்போது நாற்றழுகல் பூஞ்சையும் கூடவே கொழுக்கும் என்று பிறகு தெரிந்தது. அதில் தப்பியவற்றை வெட்டுப்புழு ராத்திரியில் கத்தரித்துப் போட்டது. காலையில் போய்ப் பார்த்தால் செடி கிடக்கும், வெட்டியவன் இருக்க மாட்டான். சாய்ந்த செடியின் அடியில் ஓர் அங்குலம் மண்ணைக் கிளறினால் சுருண்டு படுத்திருப்பான். செத்த இடங்களில் மறுபடி நாற்று வைக்க வேண்டியதாயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஆனால் மறுநடவு செய்த செடிகள் வந்தன. மத்தியானத்தில் தொங்கவில்லை. மார்கழியில் கடைசிப் பறிப்பு முடிந்து வேரைத் தோண்டிப் பார்த்தோம். முடிச்சு இருந்தது. இல்லாமல் இல்லை. சல்லிவேரில் அங்கங்கே மிளகு போல. இஞ்சி இல்லை. அந்த வேறுபாடு போதும், செடி கடைசி வரை நின்று காய்க்க. சணப்பு நூற்புழுவை ஒழிக்காது, இறக்கி வைக்கும். தக்காளி போட்டால் மறுபடி ஏறும். அதனால் இதை வருடா வருடம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு தடவை போட்டால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது செய்வது இதுதான். கோடை மழைக்கு விதைப்பு. பூமொட்டு தெரிந்ததும், ஏறக்குறைய நாற்பத்தைந்து ஐம்பது நாளில், மடக்கு. ஒரு நல்ல தண்ணீர். மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. இதுதான் கஷ்டமான வேலை. நடுவில் ஒரு உழவு. மண்ணை அள்ளி முகர்ந்தால் அழுகல் வாடை போய் மழை வாடை வர வேண்டும். நாற்றுப் பண்ணைக்கு அந்த வாடை வந்த பிறகுதான் போன் போடுகிறேன்.

சணப்பு தவிர செண்டுமல்லியும் உண்டு. அதன் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லும். நிலக்கோட்டைப் பூச்சந்தை எங்களுக்கு எட்டும் தூரம் என்பதால் அப்பாவுக்கு இது பிடித்த வழி, விற்கக்கூடிய மூடுபயிர். ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. பலர் தக்காளிக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகச் செண்டுமல்லியை வைத்துவிட்டு நூற்புழுவுக்கு என்கிறார்கள். அதற்கு அது போதாது. தக்காளிக்கு முன்னால் நிலம் முழுக்க நெருக்கமாக இரண்டு மாதமாவது நிற்க வேண்டும். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று வேளாண் துறையினர் சொல்வது வேறு கணக்கு, அது காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைப் பூவுக்கு இழுக்க. அதிலும் நாற்பது நாள் வயதான செண்டுமல்லியையும் இருபத்தைந்து நாள் தக்காளி நாற்றையும் ஒன்றாக நட வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்படி. இரண்டாவது, செஞ்சிலந்திக்குச் செண்டுமல்லி என்றால் உயிர். வறண்ட காலத்தில் இலைக்கு அடியில் நூல் கட்டிக் குடித்தனம் நடத்தும். பக்கத்தில் கத்தரி இருந்தால் தாவிவிடும். எனவே எங்கள் வீட்டில் ஆயுத பூஜை விலையை நம்பி அரை ஏக்கர் செண்டுமல்லி, மீதி சணப்பு என்று சமாதானம் ஆகியிருக்கிறது.

மண்ணுக்கு மேலே பறக்கும் பூச்சிகளுக்கு இந்த மூடுபயிர் என்ன செய்யும்? இதில் நான் படித்ததில் மனதில் நின்றது இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் ஸ்டான் ஃபின்ச்சும் ரோஸ்மேரி காலியரும் 2000இல் எழுதிய விளக்கம். முட்டைக்கோஸைத் தாக்கும் ஈ, வாசனை பிடித்து வயலுக்கு வருகிறது. கிட்ட வந்ததும் பச்சையாக எது தெரிந்தாலும் அதில் உட்காருகிறது. மண் நிறத்தில் உட்காருவதில்லை. உட்கார்ந்து காலால் ருசி பார்க்கிறது. கோஸ் இலைதான் என்று அடுத்தடுத்துச் சில தடவை உறுதியானால்தான் முட்டை இடும். நடுவில் வேறு இலையில் கால் வைத்துவிட்டால் எண்ணிக்கை குழம்பிவிடும். சுற்றிலும் பச்சை அட்டையை வெட்டி நட்டு வைத்தால்கூட அது ஏமாறுகிறதாம். அப்படியென்றால் ஒரு களைகூட இல்லாமல் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்த வயலில், செம்மண் நடுவில் பச்சையாகத் தெரிவது பயிர் மட்டும்தானே! அப்பா வாழ்நாள் முழுக்கப் பெருமைப்பட்ட வயல் அது. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

இதை நம்பி ஒரு போகம் கத்தரி வரிசைகளுக்கு நடுவே கொத்தமல்லியை உயிர்மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் பச்சைப் போர்வையாக, விட்டேன். வெள்ளை ஈ குறைந்த மாதிரி இருந்தது. மாதிரிதான், எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் போர் ஊற்று இரண்டு பயிரைத் தாங்கவில்லை. கத்தரிக்கு எட்ட வேண்டிய தண்ணீரைக் கொத்தமல்லி குடித்தது. தண்ணீர் உள்ளவர்கள் செய்து பார்க்கலாம். தண்டுத்துளைப்பானுக்கு இதெல்லாம் பெரிய தீர்வு என்று என்னால் சொல்ல முடியாது. வாடிய நுனியை வாரம் ஒருமுறை கிள்ளிக் கொண்டுபோய் எரிக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

சணப்புக்கும் ஒரு பூச்சி உண்டு. வெள்ளைச் சிறகில் கருப்பும் சிவப்புமாகப் பொட்டு வைத்த ஓர் அந்துப்பூச்சி. அதன் கம்பளிப்புழு சணப்பின் நஞ்சைத் தின்று, அந்த நஞ்சையே தன் உடம்பில் கவசமாக வைத்துக்கொள்கிறது. குருவி தொடாது. சணப்பின் சொந்தக்காரச் செடியான கிலுகிலுப்பையின் காய்ந்த தண்டில் வரியன் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அவை ஆண்கள், பெண்ணை மயக்கும் மணம் செய்ய இதே நஞ்சைத்தான் உறிஞ்சுகின்றன. விதை விலை ஏறுகிறதே என்று போன வருடம் ஒரு மூலையில் நாற்பதடிக்கு விதைக்காக விட்டேன். பாதிக் காயை அந்தப் புழு உள்ளே புகுந்து தின்றுவிட்டது. மீதி நான்கு படி தேறியது.

நிலத்தில் புழு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இப்போது தொட்டி வைக்கிறேன். ஆய்வகம் வேண்டாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து, கலந்து, நிழலில் வைத்த தொட்டியில் போட்டு, நல்ல தக்காளி நாற்று ஒன்றை நட வேண்டும். மண்ணைக் காயவைக்கக் கூடாது. காய்ந்தால் புழு செத்து, தொட்டி பொய் சொல்லும். முப்பத்தைந்து நாள் கழித்துத் தொட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மண் கரைந்த பிறகு வேரைத் தூக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சுள்ள சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். அப்புறம் எண்ண வேண்டியதுதான்.

சணப்பு மடக்கிய துண்டு, செண்டுமல்லி எடுத்த துண்டு, ஒன்றும் போடாத துண்டு என்று இந்த வருடம் மூன்று தொட்டி. நான்காவதாக ஒன்று திண்ணையில் இருக்கிறது. அது அப்பா வைத்தது. பக்கத்துக் காட்டு மாமாவின் மண்ணாம். அவர் தட்டைப்பயறு போட்டு மடக்கியிருக்கிறார். தொட்டி மேல் அப்பா சுண்ணாம்பில் தேதி எழுதியிருக்கிறார். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.